படத்தில் இல்லாத அம்மா

இங்கே வின்னிபெக்கில் முதல் பனி விழுந்ததும் எங்கள் அடுக்ககத்தில் இருப்பவர்கள் கீழே இறங்கி, வாசலில் ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊரில் மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடியவள் நான். இவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு பனிக்குள் போய் நிற்கிறார்கள். எதிர்வீட்டு மார்கரெட் அம்மாள் கைபேசியோடு என் பக்கம் கையை நீட்டினார். எடுத்துத் தரச் சொல்கிறார் என்று நினைத்து அதை வாங்கிக்கொண்டு, பின்னால் நகர்ந்து, எல்லோரையும் ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, அப்போது வந்த தபால்காரரிடம் கைபேசியைக் கொடுத்து, என் தோளைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவர் கையை நீட்டியது என்னைக் கூப்பிட. படம் என்றால் விலகி நிற்பது என்று என் கால்களுக்குப் பழகிப்போயிருந்தது. அந்தப் பழக்கம் ஒருமுறை என் மகள் நித்யாவைப் புருஷனிடம் போகவிடாமல் நிறுத்தப் பார்த்தது.

நித்யாவின் கல்யாணம் சின்னமனூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் அவள் அப்பா மாரடைப்பில் போயிருந்தார். மாப்பிள்ளை அருண் பக்கத்து மார்க்கையன்கோட்டைக்காரர். கனடாவில் எலக்ட்ரீஷியன் வேலை. என் நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். என்னை யாரும் விரட்டவில்லை. நானாகவே பின்கட்டுக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் நடத்துகிற நான், அதில் யோசிக்க ஏதாவது இருப்பதாகக்கூட அன்று நினைக்கவில்லை. கெட்டிமேளம் கேட்டபோது சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டு கையிலிருந்த அட்சதையை மணமேடை இருந்த திசையில் எறிந்தேன். பாதி, அப்பளக் கூடையில் விழுந்தது. சமையல்காரர் அதைப் பொறுக்கி எடுத்தார்.

விடுப்பு முடிந்து அருண் திரும்பிப் போனதும் மனைவியை அழைத்துக்கொள்ள ஸ்பான்சர்ஷிப்புக்கு விண்ணப்பித்தார். கல்யாணச் சான்று, இருவரும் போனில் பேசியதற்கான பதிவுகள், ஆல்பம் எல்லாம் போயின. பல மாதங்கள் கழித்து வந்தது விசா அல்ல, ஒரு மின்னஞ்சல். நித்யா கட்டிலில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். இந்தத் திருமணம் உண்மையானதுதானா என்று அதிகாரிக்குச் சந்தேகம். பெண்ணின் அப்பா இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் பெற்றோர் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? தாய் உயிரோடு இருக்கிறார், ஆனால் ஒரு படத்தில்கூட இல்லை. அவர் இந்தத் திருமணத்தை ஏற்கவில்லையா? ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

இன்றும் கைபேசியில் மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

நாத்தனாருக்குக் கோபம். "இதென்ன கூத்து? அம்மாகாரி அடுப்படியில நின்னா, பந்தியப் பாத்தான்னு எழுதிப் போடு செல்வி. அவுக ஊர்ல கல்யாணத்துக்கு யாரும் சோறு ஆக்க மாட்டாகளா?"

ஆல்பம் போட்ட ஸ்டுடியோவுக்கு நானும் நித்யாவும் போனோம். ஸ்டுடியோக்காரர் என்னிடம் படித்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கா டீச்சர் இப்படி மூஞ்சி வாடிப் போயிருக்கீக? பொண்ணு பக்கத்துல உங்கள ஒட்டி வச்சிர்றேன். பட்டுச்சேலை கட்டியே நிக்க வச்சிருவேன். ஒரு பய கண்டுபிடிக்க முடியாது" என்றார். அக்கறையில்தான் சொன்னார். பயத்தில் நான் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

"வேணாண்ணே," என்றாள் நித்யா. "நிக்க வேண்டிய அன்னைக்கு நிக்கல. இப்ப கம்ப்யூட்டர்ல எதுக்கு நிக்கணும்?" பிறகு அவரைப் பார்த்து, "தாலி கட்டி முடிச்சதும் நானும் அவரும் பின்னாடி போனோமே, அதை எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "எடுத்தேன் ஆத்தா. பாத்திரம் கழுவுற இடம், தண்ணியும் எச்சி இலையுமா கிடந்துச்சு. நல்லாருக்காதுன்னு வெட்டிட்டேன்."

வெட்டிய வீடியோத் துண்டை அழிக்காமல் வைத்திருந்தார்; போட்டுக் காட்டினார். முதலில் நான் பரிமாறுகிற பையனைச் சாம்பாருக்காகத் திட்டுகிறேன். பிறகு கழுத்தில் மாலையோடு இரண்டு பேரும் ஈரத்தரையில் விழுந்து என் காலைத் தொடுகிறார்கள். அருணின் வேட்டி முழங்கால் வரை நனைந்துவிட்டது. நான் அழுதுகொண்டே, "எந்திரிங்க மாப்ள, அழுக்காயிரும்" என்கிறேன். அவர், "இருக்கட்டும் அத்தை" என்கிறார். அன்று காமிரா வந்ததையே நான் கவனிக்கவில்லை.

அந்த வீடியோவோடு சேர்த்து அனுப்ப ஒரு விளக்கமும் ஆங்கிலத்தில் எழுதினேன். நான் அந்த மண்டபத்தில்தான் இருந்தேன். கதவுக்குப் பின்னால் இருந்தேன். கணவனை இழந்த பெண் எங்கள் பக்கத்தில் மணமேடை ஏறுவதில்லை. என் மகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் விலகி நின்றேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் அம்மா விலகி நின்றால் மகள் எப்படி நன்றாக இருப்பாள் என்று அந்த அதிகாரி இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்?

அவர் கேட்கவில்லை. விசா வந்தது. அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், விசாவுக்காக மட்டுமல்ல. கல்யாணத்துக்கு வந்த அத்தனை சொந்தத்தில் ஒருவர்கூட, பெண்ணோட அம்மா எங்கன என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அதனால் கேட்கவில்லை. எங்கோ ஒரு மேசையில் ஆல்பத்தைப் புரட்டிய முன்பின் தெரியாத ஒருவர்தான் கேட்டார்.

நித்யா உண்டானதும் என்னை இங்கே வரவழைத்தார்கள். போன மாதம் அடுக்ககத்தின் பொது அறையில் வளைகாப்பு வைத்தார் அருண். அவருடைய நண்பர்களின் மனைவிமார், மார்கரெட் அம்மாள், இன்னும் சிலர். வளையல் தட்டு வந்ததும் என் கால்கள் தாமாகவே புளிச்சோறு வைத்திருந்த மேசைப் பக்கம் போய்விட்டன.

"யம்மா, இங்கன வா," என்றாள் நித்யா, கையை நீட்டிக்கொண்டு. "இந்தப் படத்துலயும் நீ இல்லேன்னா திரும்பவும் மெயில் போட்ருவாக."

அருண் முதலில் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே மார்கரெட் அம்மாளும் சிரித்து, அன்று பனியில் பிடித்த மாதிரியே என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். முதல் வளையலை நான்தான் போட்டேன். அவள் விரல் முட்டியில் வளையல் கொஞ்சம் மாட்டிக்கொண்டு பிறகு இறங்கியது.

படம் ஊருக்குப் போனதும் நாத்தனார் கூப்பிட்டார். "முத வளையல் நீயா போட்ட?" என்றார். "ஆமா மதினி" என்றேன். படத்தை இன்னொரு தடவை பார்த்திருப்பார் போல. பிறகு, "பிள்ளைக்கு மொகம் தெளிஞ்சிருக்கு. நல்லா இருக்கட்டும். நீ ஏன் செல்வி ஓரமாப் பாக்குற? கதவுகிட்ட யாரு நின்னாக?" என்று கேட்டார்.

"யாருமில்ல மதினி" என்றேன். போனை வைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லோருக்கும் நடுவில் இருக்கிறேன்; மகளின் கை என் கையில் இருக்கிறது. கண்கள் மட்டும் மேசையைத் தாண்டி, கதவோரம் நான் ஒருத்தி நிற்கும் அளவுக்குக் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.