சொல்லிக்கொடுக்காத அக்கா

எங்கள் அலுவலகத்தில் அக்காவுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வைத்தவன் நான். இந்த மாதிரி நல்ல காரியங்களுக்கெல்லாம் நான்தான் முந்திக்கொள்வேன். அவர் காதுக்கு எட்டியபோது கோபப்படவில்லை. "கோட்டான் ராத்திரியிலதான் முழிச்சிருக்கும். நான் சாப்பிட்ட கையோட தூங்கிடுவேன். வேற பேரு யோசி" என்றார். யோசித்தேன், கிடைக்கவில்லை.

நாங்கள் செய்வது ஒரு வீடியோ கேம். அதில் சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது, யாரும் சாக மாட்டார்கள். ஏரிக்கரையில் வெற்று நிலம் கிடக்கும். அதில் வீடு கட்டலாம், மரம் வைக்கலாம், தெருவிளக்கு நடலாம். படகில் ஆட்கள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். அவர்களைக் குடிவைத்தால் ஊர் வளரும், புகைபோக்கியில் புகை வரும். அவ்வளவுதான். "இதுக்கா உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று என் அம்மா கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. வீடுகளை வரைவது என் வேலை.

ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் நாங்கள். இன்னொன்று விளையாட வருகிறவர்களுக்கு. நடுவில் ஒரு கண்ணாடி. நாங்கள் அவர்களைப் பார்க்கலாம், அவர்கள் எங்களைப் பார்க்க முடியாது. அங்கே பேசுவது இங்கே ஸ்பீக்கரில் கேட்கும். ஆட்டம் வெந்து முடிவதற்கு முன்பே, அதை முன்பின் பார்த்திராத நாலு பேரைக் கூட்டிவந்து உட்காரவைத்து, எங்கே விழிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த நாலு பேரைப் பிடிப்பதும், தயார் செய்வதும், அவர்கள் முதுகுக்குப் பின்னால் வாய்மூடி உட்கார்ந்திருப்பதும் அக்காவின் வேலை.

ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சு, ஒரே குரல். "நாங்க சோதிக்கிறது ஆட்டத்தை, உங்களை இல்ல. நீங்க தப்புப் பண்ணவே முடியாது. மனசுல தோணுறதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே விளையாடுங்க. நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லுங்க, இங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. நான் பின்னாடியேதான் இருப்பேன். ஆனா என்ன கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேன். கடைசியில நீங்க கட்டின ஊர் அழிஞ்சிடும், அதையும் இப்பவே சொல்லிடறேன்."

யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது பொய். என் வீட்டுக் கூரையைக் குறைசொன்னவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மற்றதெல்லாம் உண்மை. பதில் சொல்ல மாட்டார் என்றால் சொல்லவே மாட்டார். ஒரு கல்லூரிப் பெண் வழி தெரியாமல் கண்கலங்கித் திரும்பிப் பார்த்தபோதுகூட அக்கா ஒரு புருவத்தை அசைக்கவில்லை. "பாவம்கா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று நான் குதித்தேன். "சொல்லிக்கொடுத்தா அப்புறம் நாம பார்க்கிறது ஆட்டத்தை இல்ல, நம்ம வாயை" என்றார்.

அக்காவின் வீட்டுக்காரர் போனது மழைக்காலத்தில். அன்றைக்கும் அக்கா நேரத்துக்கு வந்து குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அவரு போயிட்டாரு. வேற ஊர்ல, வேற ஒருத்தியோட. நாளைக்கு வர்றவருக்கு இடதுகைப் பழக்கம், மவுஸை மாத்தி வைக்கணும்." இரண்டு செய்திக்கும் நடுவில் மூச்சுக்கூட விடவில்லை. அவர் அழுதுவிட்டால் தேவலை என்று நாங்கள் காத்திருந்தோம். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "என்னன்னு தெரியல. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கு. இருக்கா இல்லையான்னு தொட்டுப் பார்த்துக்க வேண்டியிருக்கு" என்றார்.

வீட்டுக்காரர் போனார், அவருடைய அப்பா போகவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அக்காவுக்கு மாமனார், மாமா என்றுதான் கூப்பிடுவார். மகன் வந்து கூப்பிட்டபோது, "நீ போ, எனக்கு இங்க வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டாராம். என்ன வேலை? காய் நறுக்குவது, பால் வாங்கி வருவது, அக்கா திரும்பி வரும் நேரத்துக்கு வாசல் விளக்கைப் போட்டு வைப்பது. "ரெண்டு பேரும் அதிகம் பேசிக்க மாட்டோம். ஆனா வீட்ல ஆள் இருக்கு" என்பார் அக்கா.

மாமாவுக்கு வெளியூரில் ஒரு மகள். மகனே இல்லாத வீட்டில் மருமகளோடு என்ன இருப்பு, நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்று போன் போட்டு நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது மாமா அக்காவிடம், "அவ வரச் சொல்றா. போகட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"உங்க இஷ்டம் மாமான்னேன்."

"கெட்டது குடி! அவரு போயிட்டா என்ன செய்வீங்க?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "ஒருத்திக்கு எதுக்கு அடுப்பு? எதையாவது வாங்கித் தின்னுட்டுப் படுத்துக்குவேன். அவரு இருக்கிறதாலதான் அது வீடுன்னு இருக்கு."

"அப்ப, போகாதீங்கன்னு சொல்ல வேண்டியதுதானே? வாய்ல என்ன பூட்டா போட்டிருக்கு?"

"சொன்னா இருந்துடுவாரு. அதான் வேணாங்கிறேன். நான் சொல்லி இருந்தா, அது நான் பிடிச்சு வச்சதா ஆகும். அவரா இருக்கணும்னு நினைச்சா இருக்கட்டும்."

"உங்க வீட்டுக்காரர்கிட்டயும் இப்படித்தான் சும்மா இருந்தீங்களா?" கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆமா" என்றார் அக்கா.

நிறையப் பேர் விளையாடிப் பார்க்கும் முதல் பெரிய டெஸ்ட்டுக்கு முந்தைய ஒத்திகை அன்று. வரவேண்டிய ஒருவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். முதலாளி, அக்காவைவிட இளையவர், அறைக்கும் படிக்கட்டுக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தபோது மாமா பையோடு படியேறி வந்தார். அடுத்த தெரு ஸ்டாண்டிலிருந்து மாலை பஸ்ஸில் மகள் ஊருக்குக் கிளம்புகிறார். அக்காவுக்கு லீவு கிடைக்காது என்பதால் சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறார். இன்றுதான் கிளம்புகிறார் என்று அக்கா எங்களில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

முதலாளிக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். "ஐயா, பஸ்ஸுக்கு நேரம் இருக்குல்ல? கொஞ்சம் விளையாடிட்டுப் போறீங்களா?"

"நான் சீட்டுக்கட்டுகூடத் தொட்டதில்லையேப்பா" என்றார் மாமா. ஆனாலும் அக்காவைப் பார்த்தார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். எல்லோருக்கும் சொல்லும் பேச்சை அவருக்கும் சொன்னார், ஒரு வரி கூட்டாமல் குறைக்காமல். மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள் மாமா, நான் பதில் சொல்ல மாட்டேன். மாமா பள்ளிக்கூடப் பையன்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இந்த இடத்தில் ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படகில் வருகிறவர் துறையில் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வீடு கட்டினால் மட்டும் போதாது. அவர் தலைக்கு மேலே ஒரு சின்னக் கை தெரியும், அதை அமுக்கிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் அடுத்த படகில் திரும்பிப் போய்விடுவார். கையை வரைந்ததும் நான்தான். ஏரியின் அழகு கெடக்கூடாது என்று சின்னதாக வரைந்திருந்தேன். எங்கள் புரோகிராமர் அதைக் கொசு என்பான். அன்று காலையிலிருந்து வந்த யாருக்கும் அந்தக் கொசு கண்ணில் படவில்லை.

மாமா சொன்னபடியே பேசிக்கொண்டு விளையாடினார். "சரி, வீடு வைக்கிறேன். கதவு தெருவைப் பார்த்து இருக்கட்டும். இந்த ஊர்ல நாய் இல்லையா? நாய் இல்லாத தெருவை நம்பக்கூடாது, எங்கயோ பதுங்கியிருக்கு." நாங்கள் இந்தப் பக்கம் சிரித்தோம். "கூரை நல்லா இருக்கு" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

வீட்டைக் கட்டி முடித்தார். துறையில் பெட்டிமேல் ஆள் உட்கார்ந்திருந்தார்.

"வீடு ரெடி. வாசல்ல விளக்கும் போட்டாச்சு. ஏன் வரமாட்டேங்கிறான்? தொலைவா இருக்கோ?" வீட்டை நகர்த்தித் துறைக்குப் பக்கத்தில் வைத்தார். பாதை போட்டார். பாதையோரம் பூச்செடி வைத்தார். ஆள் அசையவில்லை. மாமா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கூப்பிடாம எப்படி வருவான்?" என்றார். "வீடு இருந்தாப் போதுமா? உள்ள இருக்கிறவங்க இருன்னு ஒரு வார்த்தை சொல்லணும்ல. நானா இருந்தாலும் இப்படித்தான் உக்காந்திருப்பேன்." பிறகு, அதே குரலில், "உக்காந்துதான் இருந்தேன்" என்றார்.

யாரும் அவரை மடக்கிக் கேட்கவில்லை. தோன்றுவதைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னார். அவருக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தது. கல்லூரிப் பெண் கண்கலங்கியபோது எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கண்ணாடியைத் தட்டப்போனேன், முதலாளி கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு அவரை ஓங்கி அறையலாம் போலிருந்தது.

படகு வந்தது. அந்த ஆள் எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

"போயிட்டான்" என்றார் மாமா.

அக்கா வழக்கமான கடைசிக் கேள்விகளைக் கேட்டார். எங்கே தடுமாறினீர்கள் என்றதற்கு, "அந்த ஆளைத்தான் வீட்டுக்குள்ள கொண்டுவர முடியல" என்றார். எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றதற்கு அவர் நாற்காலியைத் திருப்பி அக்காவைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உனக்கு ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல மாமா" என்றார் அக்கா. "இப்ப ஊர் அழிஞ்சிடும்."

"அதான் முதல்லயே சொல்லிட்டியே" என்று பையை எடுத்துக்கொண்டார். அக்கா படிக்கட்டு வரை போனார். "பார்த்துப் போங்க மாமா" என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. திரும்பி வந்து எங்களோடு மேசையில் உட்கார்ந்தார்.

புரோகிராமர் அவசரமாகப் பேச்சை ஆரம்பித்தான். மௌனம் அவனுக்கு ஆகாது. "இந்தக் கையே வேணாம். தூக்கிடலாம். வீடு ரெடியானா ஆள் தானா நடந்து வந்துடட்டும். அரை நாள் வேலை."

"சரிதான்" என்றார் முதலாளி.

"தானா வர மாட்டாங்க" என்றார் அக்கா.

அக்கா போனை எடுத்தார். விளையாட ஆள் பிடிக்கப் போன் பேசிப் பழகிய பழக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"பஸ் ஏறிட்டீங்களா மாமா?"

"ஏறி உக்காந்தாச்சும்மா. ஜன்னல் சீட்டு. இப்பத்தான் எடுத்தான்."

"இறங்கிடுங்க. வீட்லயே இருங்க மாமா." நாளைக்கு மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள் என்று விளையாட வருகிறவர்களிடம் சொல்வாரே, அதே குரல்.

அந்தப் பக்கம் கண்டக்டர் விசில் கேட்டது.

"இப்பச் சொல்றியேம்மா" என்றார் மாமா. குறைபோலச் சொல்லவில்லை. "மக அங்க ஸ்டாண்டுக்கு வந்து நிப்பா. வான்னு கூப்பிட்டது அவதான், நானும் வரேன்னுட்டேன். நேத்து சொல்லியிருந்தாக்கூட..."

"சரி மாமா. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க."

"பண்றேன். நீ சாப்பிடு."

போனை வைத்தார். அடுத்து விளையாட வந்தவர் வெளியே காத்திருந்தார். அக்கா எழுந்து விளையாடும் அறைக்குப் போனார். ஆளைக் கூப்பிடாமல் அவரே விளையாடுகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"என்னால முடியல, அடுத்த ஆளை நீங்க யாராவது பாருங்க" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் எந்த உரிமையில இருங்கன்னு சொல்றது? புருஷன்னு ஒருத்தன் இருந்தாத்தானே அவன் அப்பா எனக்கு மாமனாரு? அவனே இல்லைன்னா இவரு எனக்கு யாரு? சொல்லு."

எதற்கெடுத்தாலும் முந்திக்கொள்ளும் நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அக்கா அழ ஆரம்பித்தார். வீட்டுக்காரர் போனதற்கு வராத அழுகை அவ்வளவும் வந்தது, அடக்கமில்லாமல், உரக்க. முதலாளி வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரத் தெரியாமல் விழித்தார். கீழேயிருந்து பேட்டரிக் கடைக்காரர் கைத்துணியோடு படியேறி ஓடிவந்தார்.

"என்னாச்சு? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லங்க" என்றேன். "அக்காவோட அப்பா ஊருக்குப் போயிட்டாரு."