தளி ரோட்டில் நின்ற ஜீப்

ஹெல்மெட் போடாதவனை நிறுத்தி உபதேசம் செய்வோம். அதே ரோட்டில் கண் சொருகியபடி ஜீப் ஓட்டுவதும் நாங்கள்தான். கேட்க ஆளில்லை.

தளியில் தேர்த் திருவிழா பந்தோபஸ்து. இரண்டு ராத்திரி யாரும் படுக்கவில்லை. முடிந்த கையோடு, ஓசூருக்கு மந்திரி வருகிறார், உடனே கிளம்பு என்றார்கள். மத்தியான வெயிலில் கிளம்பினோம். ஓட்டியவர் எங்கள் ஏட்டு. அந்த வருஷம் சிறப்பு எஸ்.ஐ. ஆக வேண்டியவர். பின்சீட்டில் பெண் காவலரான நான். முன்சீட்டில் இன்ஸ்பெக்டர், ஏறியதும் தூங்கிவிட்டார்.

வயர்லெஸ் மைக்கில் பேச வேண்டியது முன்சீட்டு ஆள். அவர் தூங்கினால் அதுவும் டிரைவர் தலையில்தான். எங்கே வருகிறாய் என்று கன்ட்ரோல் ரூம் நச்சரித்தது. ஏட்டு ஒரு கையில் ஸ்டீயரிங், மறுகையில் மைக்கோடு பதில் சொல்லிக்கொண்டே கண்ணை மூடினார். ஜீப் மண்ணில் இறங்கி மறுபடி ரோட்டில் ஏறியது. பூ ஏற்றி வந்த குட்டியானை வேன் மயிரிழையில் ஒதுங்கியது. ஓட்டியவன் கன்னடத்தில் திட்டினான். திட்டட்டும், நியாயம்தான்.

ஏட்டு ஓரம் கட்டினார். சாவியை எடுத்து இன்ஸ்பெக்டர் மடியில் வைத்தார்.

"இன்னாய்யா? நேரமாவுது, எடு."

"முடியாதுங்கய்யா. கண்ணு சொருவுது."

"மூஞ்சி கழுவிட்டு வா. மெமோ வந்தா உன் எஸ்.ஐ. தள்ளிப்போவும், தெரியுமில்ல?"

"தெரியுங்கய்யா. நீங்க வேணா ஓட்டுங்க, நான் பின்னாடி படுக்கறேன்."

இன்ஸ்பெக்டர் சாவியையே பார்த்தார். அவர் கண்ணும் சிவந்து கிடந்தது. நான் இறங்கி இடம் விட்டேன். ஏட்டு காலை மடக்கிப் படுத்தார். மைக் மறுபடி கத்தியது. நான் எடுத்தேன்.

"டயர் பஞ்சர்னு சொல்லும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பஞ்சர் வேணாம்மா" என்றார் ஏட்டு, கண்ணைத் திறக்காமலே. "டிரைவர் தூங்கறான்னே சொல்லு. நாளைக்கு இன்னொருத்தனுக்குக் கண்ணு சொருவுனா அவனும் நிறுத்தணுமில்ல?"

அப்படியே சொன்னேன். திரும்பச் சொல்லு என்றது கன்ட்ரோல் ரூம். திரும்பவும் அதையே சொன்னேன்.

மந்திரி வந்தார், போனார். எங்கள் ஜீப் இல்லாதது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. மெமோ மட்டும் தவறாமல் வந்தது. ஏட்டோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எஸ்.ஐ. ஆகிவிட்டார்கள். இவர் இன்னும் அதே ஜீப்பை ஓட்டுகிறார். மெமோ எழுதிய கை ஒரு நாள் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்க்கட்டும். தூக்கத்தோடு சண்டை போட்டு ஜெயிப்பவனை வீரன் என்கிறார்கள். நான் பார்த்த வீரர் வண்டியை நிறுத்தியவர்.

போன மாதம் சூளகிரி தாண்டி மறுபடி ஓரம் கட்டினார். மைக் கூப்பிட்டது. இந்தத் தடவை இன்ஸ்பெக்டரே எடுத்தார்.

"டிரைவர் தூங்கறாரு. எழுந்ததும் வர்றோம்."