மாப்பிள்ளை இன்னும் உறவுதானா?

கொரோனா அடங்கி எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிப் போட்ட சமயம் அது. புதுச்சேரியில் சாரம் பகுதியில் நானும் என் கணவரும் மட்டும் இருந்தோம். நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் மில் மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, முழங்கால் தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டவர். மூலக்குளத்தில் என் பெயரில் ஒரு மாடி வீடு இருந்தது. கடன் வாங்கி, கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று போர்ஷனாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தோம்.

பென்ஷனோடு வாடகையும் சேர்ந்ததால் வருஷா வருஷம் வருமான வரி கட்ட வேண்டியிருந்தது. எங்கள் ஆடிட்டர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"உங்க பொண்ணு இப்ப வேலைக்குப் போகல இல்ல டீச்சர்? வீட்ட அவங்க பேர்ல தானமா எழுதிடுங்க. பெத்த புள்ளைக்குக் குடுத்தா ரெண்டு பக்கமும் வரி இல்ல. பதினெட்டு வயசு தாண்டின புள்ளைங்கறதால வாடகையும் அவங்க வருமானமாத்தான் போவும். அந்த அளவுக்கு அவங்களுக்கு வரி வராது."

எங்களுக்கு ஒரே பெண். குழந்தை தங்கவில்லை என்று சிகிச்சைக்காக வேலையை விட்டிருந்தாள். ரெட்டியார்பாளையத்தில் கணவனோடு இருந்தாள். என்றைக்கிருந்தாலும் அவளுக்குத்தானே, இன்றைக்கே கொடுத்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. அவளிடம் சொன்னபோது, "எனக்கு இப்ப எதுக்கும்மா? ஒனக்கு வரி மிச்சமாவும்னா எழுது. வாடகைய நீயே வாங்கிக்க" என்றாள். ஆடிட்டர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெயருக்கு எழுதிவிட்டு வாடகையை நானே வாங்கினால் நாளைக்குக் கேள்வி வரும் என்றார். அதனால் வாடகை அவள் கணக்குக்கே போனது. அவள் தானாக அப்பாவின் மருந்துச் செலவுக்கு மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் செய்ததில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

அடுத்த ஆடி மாதம், காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த என் மகள் தலை வலிக்கிறது என்று போய்ப் படுத்திருக்கிறாள். மாப்பிள்ளை எழுப்பியபோது பேச்சில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மிஷின் மூச்சு விட்டது. பிறகு அதுவும் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில், கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் தையல்கடைக்காரரின் மனைவி சாரத்துக்கே வந்துவிட்டார். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"டீச்சரம்மா, பாப்பா கணக்குல வாடகை போட்டா திரும்பித் திரும்பி வந்துடுது. யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியல. கேக்கவும் வாய் வரல."

அப்போதுதான் அந்த வீடு இப்போது யாருடையது என்ற கேள்வியே எனக்கு வந்தது. ஆடிட்டர் தனக்குத் தெரிந்த வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொன்னார். சொல்வதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடித்தார்.

"வாரிசா வந்த சொத்தா இருந்தா, கொழந்த இல்லாததால பொறந்த வீட்டுக்கே திரும்பியிருக்கும் டீச்சர். இது நீங்க தானமா குடுத்தது. அது மாப்பிள்ளைக்குத்தான் போவும். உங்களுக்குப் பாத்தியதை இல்ல."

பெற்றவள் நான், கட்டியவள் நான், கொடுத்தவள் நான். சட்டத்தில் நான் யாருமே இல்லை.  என் கணவர் அன்று மருந்தை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அண்ணன், "தானா வந்தத யாராவது விடுவாங்களா? தம்பி இன்னும் வாழணும்" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னதாகக் காதுக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பேச்சை எங்களிடம் எடுக்கவில்லை. மாதங்கள் போயின. அவரிடம் போய்க் கேட்க எனக்கு மனமில்லை. பெண்ணே போன பிறகு கல்லையும் மண்ணையும் கேட்பதா என்று இருந்தது. ஆனால் கணவரின் மருந்துக் கடைக்குப் போகும்போதெல்லாம் கேட்டால்தான் என்ன என்றும் இருந்தது. இரண்டும் உண்மைதான்.

ஒரு நாள் மத்தியானம் மாப்பிள்ளையே வந்தார். மெலிந்து போயிருந்தார். சாப்பிடச் சொன்னேன். வேண்டாம் என்றார்.

"வீட்ட உங்க பேர்லயே திருப்பி எழுதிடறேன் அத்தை. சீக்கிரமே பண்ணிடலாம். ஆடிட்டர்கிட்ட வாங்க."

என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. ஆடிட்டர் அறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஆடிட்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு எங்கள் ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு. உறவுக்காரங்க குடுத்தா வரி இல்ல. வெளியாள் குடுத்தா வீட்டு மதிப்பு மொத்தமும் உங்க வருமானமாயிடும். பொண்ணோட புருஷங்கறதாலதான் இவரு உங்களுக்கு உறவு. இப்ப பொண்ணு இல்ல. அப்பவும் இவரு உறவுதானா?"

எங்களைப் பார்க்காமலே தொடர்ந்தார். "உறவுதான்னு நாம சொல்லலாம். இல்லன்னு வருமான வரி ஆபீஸ்ல நோட்டீஸ் விடலாம். இவரு வேற கல்யாணம் பண்ணிட்டா நம்ம பக்கம் இன்னும் பலவீனமாயிடும். செய்யறதா இருந்தா அதுக்கு முன்னாடி செஞ்சிடுங்க."

மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். மாடிப்படித் திருப்பத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த மாசம் நிச்சயம் வச்சிருக்காங்க அத்தை. அம்மாவுக்கு ஒடம்பு முடியல. வேணாம்னு எவ்வளவோ சொன்னேன். உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான்…"

என் மகள் படுத்த கட்டிலில் இன்னொருத்தி என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த முதுகில் கை வைக்க வேண்டும் என்று தெரிந்தும் உடனே கை எழவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் வைத்தேன்.

பத்திரம் எழுதுகிறவர், "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். மாப்பிள்ளை யோசிக்கவே இல்லை. "மாமியார்" என்றார். அவருடைய அண்ணன் அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார். இன்று வரை பேசுவதில்லை என்று கேள்வி.

கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. மாப்பிள்ளையும் அழைக்கவில்லை. அதை இருவருமே தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் தீபாவளிக்கு வந்தார், பிறகு போன் மட்டும், இப்போது அதுவும் குறைந்துவிட்டது. குறைவதுதான் சரி. அங்கே ஒரு பெண் புதிதாக வாழ வந்திருக்கிறாள்.

வீடு மறுபடி என் பெயரில் இருக்கிறது. வாடகை வருகிறது, வரி கட்டுகிறேன். நோட்டீஸ் இதுவரை வரவில்லை. வராது என்று ஆடிட்டரும் சொல்லவில்லை. மாதம் ஒரு முறை மூலக்குளம் போனால், மேல் போர்ஷன் பிள்ளைகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கின்றன. சீக்கிரம் கிளம்பிவிடுகிறேன்.

தெரிந்தவர்கள் பிள்ளைகளுக்கு எழுதிவைப்பது பற்றி என்னிடம் யோசனை கேட்கிறார்கள். வரி எவ்வளவு மிச்சமாகும் என்பதை ஆடிட்டர் சொல்வார், உங்கள் காலம் வரைக்குமான உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்று வக்கீலையும் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: பிள்ளை நமக்குப் பின்னால்தான் போகும் என்பதை எந்தப் பத்திரத்திலும் எழுதாமலே எல்லாரும் நம்பிக் கையெழுத்துப் போடுகிறோம், நானும் அப்படித்தான் போட்டேன்.