சோலார் அறையில் இரண்டு நாள்

அனல் மின் நிலையத்தை மூடிய அன்று அவள் அழவில்லை. கரி ஓடும் பெல்ட் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் நின்றவள். தெருவில் அவளுக்குப் பெயரே பெல்ட் அக்கா. அவள் புருஷன்தான் மனசு ஒடிந்துபோனார். அங்கே சாம்பல் அள்ளி அள்ளி நெஞ்சு கெட்டு, மூன்று வருஷமாக மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடப்பவர். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓயாமல் இரையும்.

ஊருக்கு வெளியே சோலார் பேனல் கழுவும் வேலை அவளுக்குக் கிடைத்தது.

"வெயிலைத் துடைக்கப் போறியாக்கும்?" என்பார்.

"நான் துடைச்சாத்தான் உங்களுக்குச் சோறு" என்பாள்.

அந்த வருஷ மழையில் ஒருநாள் காலை கம்பங்கள் சாய்ந்து ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. மெஷின் நின்றது. வீட்டிலிருந்த ஆக்சிஜன் சிலிண்டர் மத்தியானம் வரைகூடத் தாங்காது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பாலத்தின்மேல் வெள்ளம். தெரிந்த ஆட்டோவில் சிலிண்டரோடு அவரை ஏற்றி, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, வேலை செய்யும் இடத்துக்கே போனாள். அங்கே கன்ட்ரோல் அறையில் மட்டும் பேட்டரியில் கரண்ட் இருந்தது.

சூப்பர்வைசர் சின்ன வயசுக்காரர். "வெளியாளை உள்ளே விடக்கூடாதுக்கா. என் வேலைக்கே உலை வெச்சிடுவாங்க."

அவள் ஆட்டோவின் திரையை விலக்கினாள். சூப்பர்வைசர் உள்ளே எட்டிப் பார்த்தார். நீலம் பாரித்த நகங்களைப் பார்த்ததும் போய்க் கதவைத் திறந்தார்.

இரண்டு நாள் அந்த அறையிலேயே மூச்சு விட்டார் புருஷன். "எங்க கரி கரண்ட் ஊருக்கே கேக்கும். இது ஊமை மாதிரியில்ல இருக்கு" என்று சிரித்தார். சூப்பர்வைசரும் சிரித்தார்.

கதவைத் திறந்துவிட்டது யார் என்று கேமராவில் பதிவாகியிருந்தது. அடுத்த வாரமே சூப்பர்வைசரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து புருஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "என்னால ஒரு பிள்ளையோட பொழப்பு போச்சே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாசத்தில் போய்ச் சேர்ந்தார். அன்றைக்குக் கரண்ட் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய வாரம், போன் வந்தது.

"அக்கா, நான்தான். இங்க வேற ஊர்ல வேலை தேடிட்டிருக்கேன். அண்ணன் எப்படி இருக்காரு? அவரை நினைச்சுக்கிட்டாத்தான் மனசு கொஞ்சம் ஆறுது."

கையிலிருந்த குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை மூடினாள்.

"நல்லா இருக்காரு சார்" என்றாள். "உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு."