அறுபதுக்குக் கீழே எண் இல்லாத வாட்ச்

இன்று கண்ணமங்கலத்தில் ஆரணி பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஜரிகைப் பையோடு இருந்த நெசவாளர் என் வாட்ச்சையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னாங்க, ஒரே வாட்ச்ல இத்தினி முள்ளு?"

விடுவேனா! கார் பந்தயத்துக்காகச் செய்த மாடல், விண்வெளி வீரர்களோடு நிலாவுக்கே போனது, இத்தனை வருஷமாகியும் அதன் முகம் மாறவில்லை, என்னுடையது அதன் நகல் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஒரு கிலோமீட்டர் கல்லுல பட்டனை அமுக்கி அடுத்த கல்லுல நிறுத்தினா, முள்ளு வண்டியோட வேகத்தைக் காட்டுங்க."

"அமுக்குங்க, பாக்கலாம்!"

அடுத்து வந்த கல்லில் அழுத்தினேன். முன் சீட்டுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நிமிஷத்தில் முள் ஒரு முழுச் சுற்று சுற்றி முடித்தது. அடுத்த கல்லைக் காணோம். வாட்ச்சின் விளிம்பில் இருக்கும் மிகக் குறைந்த வேகமே அறுபதுதான்; அதற்கும் கீழே போகிற வண்டிக்கு அதில் எண்ணே இல்லை.

"எங்க வண்டி அந்தக் கணக்குலலாம் அடங்காதுங்க" என்றார் கண்டக்டர், பெருமையாக.

நெசவாளர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "உடுங்க. நிலாவுக்குப் போற வழியில டீக்கடை இருந்திருக்காது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, டிரைவர் டீக்கு நிறுத்திவிட்டார்.

இதை டீக்கடையில் நின்றபடி எழுதுகிறேன். முள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த வழியாகப் போகிறவர்கள் யாராவது அடுத்த கல்லைப் பார்த்தால், நாங்கள் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.