மூன்றாம் நம்பர் ஸ்பீக்கரும் முனியாயி மதினியும்

சுருளி அண்ணனின் காதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காதின் மேல் எனக்குப் பல வருடமாக வயிற்றெரிச்சல். போடியில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன் நான். பதினெட்டு வருடமாக ஆம்ப்ளிஃபையர்களைத் திறந்து மூடுகிறேன். நான் மீட்டர் வைத்து அரை மணி நேரம் தடவிக் கண்டுபிடிப்பதை அவர் சோபாவில் சாய்ந்தபடி சொல்லிவிடுவார். "மாரி, எடதுபக்க ட்வீட்டரு லேசா அடைக்குது பாரு." அந்தச் சின்ன ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஏதாவது பூச்சி கூடு கட்டியிருக்கும். பாராட்டத்தான் தோன்றும். ஆனால் ஒரு தொழில்காரன் வாடிக்கையாளரிடம் அப்படியெல்லாம் பாராட்டிவிட்டால் பிழைக்க முடியாது என்று வாயை மூடிக்கொள்வேன்.

அண்ணனுக்குச் சொந்த ஊர் சிலமலை. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் முப்பது வருடமாகக் காய் தரம் பிரிக்கிறார். நிறம், பருமன், வாசம் பார்த்து ஒதுக்குகிற வேலை. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மேஜைக்கு வரும் சாம்பிள் தட்டில் லாட் நம்பர் மட்டும்தான் இருக்கும், யார் தோட்டத்துக் காய் என்று எழுதியிருக்காது. பெரிய தோட்டம் என்று தெரிந்தால் கை தானாக அந்தக் காயை உசத்தி வைக்கும் என்பார் அண்ணன். அதே முறையை ஸ்பீக்கருக்கும் கொண்டுவந்தவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் வீட்டு ஹாலில் கூடுவோம். நான், ஜீப் ஓட்டும் மொக்கையன், சில வாரம் ராசிங்காபுரத்திலிருந்து ஒன்றிரண்டு பேர். ஆளுக்கொரு செட்டு கொண்டுவருவோம். கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து, நம்பர் மட்டும் கொடுத்து ஒவ்வொன்றாகப் போடுவோம். கம்பெனி பேரைச் சொன்னால் அபராதமாக எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். வெளிநாட்டுப் பெட்டி என்று பீற்றிக்கொண்டு வந்தவர்கள், நான் உதிரிப் பாகம் சேர்த்துக் கட்டிய அசெம்பிள் செட்டுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, வேட்டியை விலக்கியதும் முகம் சுண்டிப்போவார்கள். அந்த முகங்களைப் பார்க்கவே நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறவிட மாட்டேன்.

அண்ணனின் மனைவி முனியாயி மதினி. மேலே ஓர் எஸ்டேட்டில், காய்ந்த ஏலக்காயின் காம்பு நீக்கும் மெஷின் பக்கத்தில் இருபத்திரண்டு வருடம் நின்று வேலை பார்த்தவர். காலை ஆறு மணிக்கு மொக்கையனின் ஜீப்பில் மலையேறி, சாயங்காலம் இறங்கி, சமையலை முடித்துவிட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பார். கல்யாணமான புதிதில் இரவல் டேப்ரெக்கார்டரில் சேர்ந்து பாட்டுக் கேட்டதில் தொடங்கிய பழக்கம் அது. மகள் அனுப்பிரியா பிறந்து, வளர்ந்து, கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகும் விடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மதினி வேலையை விட்டார். இனி ஓய்வாக இருவரும் படம் பார்க்கலாம் என்று அண்ணன் நினைத்த அதே சமயத்தில், மதினி பக்கத்தில் வந்து உட்காருவது நின்றுவிட்டது. கூப்பிட்டால் "சோலி கெடக்குங்க" என்று அடுப்படிக்குப் போய்விடுவார். ஏன் என்று அண்ணன் விடாமல் கேட்டபோது ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார், "பேச்சு தெளிவா இல்லைங்க" என்று.

வேறு வீடாக இருந்தால் புருஷன் பெண்டாட்டிக்குள் என்னவோ மனத்தாங்கல் என்று விட்டிருப்பார்கள். நம் ஆள் சென்டர் ஸ்பீக்கரைக் கழற்றினார். பேச்சுச் சத்தம் வருவது அதில்தான். மாற்றினார். சரிவரவில்லை. எதிரொலியைக் குறைக்கச் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டினார், ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டார், ஹாலில் கம்பளம் விரித்தார். சிலமலை வெயிலுக்குக் கம்பளம்! ஒவ்வொரு மாற்றமும் முடிந்ததும் மதினியைக் கூட்டிவந்து உட்காரவைப்பார். அவர் பத்து நிமிடம் இருந்துவிட்டு எழுந்துவிடுவார். இதில் பாதி யோசனை நான் கொடுத்ததுதான், அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

போன தை மாதம் ஒருநாள் என் கடைக்கு வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "முப்பது வருசம் கூடவே உக்காந்து பாத்தவ மாரி. இப்ப நான் ஒத்தையில உக்காந்து என்னத்தப் பாக்க? எந்தப் பெட்டிய வச்சா அவ வந்து பக்கத்துல உக்காருவான்னு சொல்லு, வாங்கிப்புடுறேன்."

"எங்ககிட்ட ஏன்ணே கேக்குறீங்க? மதினியையே பொறுக்கச் சொல்லுங்க."

அவர் முகம் தெளிந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஏற்பாடு செய்தோம். ஒன்றாம் நம்பர் நான் கட்டிய செட்டு. இரண்டு, ராசிங்காபுரத்தில் ஒரு வீட்டிலிருந்து இரவல் வாங்கியது. மூன்று, தேனிக் கடையில் பிடித்தால் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி எடுத்துவந்த புத்தம்புது ஜோடி. இரண்டு வாரமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால், அண்ணனின் மனசு மூன்றில்தான் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் முறை என்றால் முறை. வேட்டி கட்டியாயிற்று, நம்பர் எழுதியாயிற்று, நடுவர் மதினி மட்டும்.

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சிரிப்போடு வந்து சோபாவில் உட்கார்ந்தார். அண்ணன் அவருக்கு எதிரே, டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டார். வேட்டிக்குப் பின்னால் வயர் மாற்றுகிற வேலை எனக்கு. மொக்கையன் ரிமோட்டோடு கதவோரம் நின்றான். பழைய குடும்பப் படம் ஒன்றில் மாமியாரும் மருமகளும் வாக்குவாதம் செய்கிற இடத்தைப் போட்டோம்.

ஒன்று போட்டதும் மதினி கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவால்லைங்க." இரண்டுக்கும் அதேதான். மூன்றுக்கு வயரை மாற்றினேன். சத்தம் வரவில்லை. நான் திருகிய திருகு சரியாக விழவில்லை போலிருக்கிறது. டிவியில் மாமியார் வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தார், ஹாலில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும். அண்ணன் கண்ணை மூடி, கழுத்தை லேசாகச் சாய்த்து, முகமெல்லாம் மலர்ந்து காத்திருந்தார். பிடித்த பெட்டி பாடப்போகிறது என்றால் அவர் முகம் அப்படி ஆகிவிடும். நான் திருப்புளியைத் தேடிக் குனிந்தேன்.

"இதுதாங்க" என்றார் மதினி. "இது நல்லாருக்கு. பேச்செல்லாம் பளிச்சுன்னு கேக்குது. இதையே வாங்கிருங்க."

நான் குனிந்தபடியே நின்றேன். மொக்கையன், "மதினி, அது இன்னும்..." என்று தொடங்கினான். வேட்டி ஓரமாக எட்டி நான் முறைத்த முறைப்பில் நிறுத்திக்கொண்டான். அண்ணன் கண்ணைத் திறந்தார். டிவியைப் பார்த்தார், வேட்டியின் ஓரம் வழியாக என் கையிலிருந்த வயரைப் பார்த்தார், பிறகு மதினியைப் பார்த்தார். மதினி அவரைப் பார்த்து, உங்களுக்கும் பிடித்திருக்கிறதுதானே என்பது போலத் தலையாட்டிச் சிரித்தார்.

அண்ணன் எழுந்தார். மெதுவாக நடந்து மதினியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். நான் வயரும் கையுமாக வேட்டிக்கு வெளியே வந்தேன். "முனியாயி" என்று கூப்பிட்டார். மதினி திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டார். மதினி என் வாயைப் பார்த்தபடி, "எங்க எந்திரிச்சுப் போறாரு ஒங்கண்ணே?" என்று கேட்டார்.

அண்ணன் சுற்றிவந்து அவர் முன்னால் கம்பளத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "எத்தன நாளா?" என்றார். மதினிக்கு விளங்கிவிட்டது. என் கையிலிருந்த வயரையும் ஊமையாக ஓடிய டிவியையும் பார்த்தார். சிரிப்பு அப்படியே அடங்கியது.

"மூணு வருசம் இருக்கும். கொஞ்சங் கொஞ்சமாத்தான்" என்றார். "வாயப் பாத்தாப் புரிஞ்சுரும். போன்லதான் ஒண்ணும் முடியல. அதான் புள்ள பேசுனா ஒங்ககிட்டயே குடுத்துர்றது."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா இம்புட்டையும் தூக்கிப் போட்டுட்டு நீங்களும் சும்மா உக்காந்துருவீங்க. ஒங்கள எனக்குத் தெரியாதா? அவனவன் குடிக்கிறான், சீட்டாடுறான். ஒங்களுக்கு இது ஒண்ணுதான் ஆச."

"சரி, கேக்காட்டிப் போகுது. சும்மா பக்கத்துல வந்து உக்காரக் கூடாதா?"

"உக்காந்தா ஒவ்வொரு பாட்டுக்கும் எப்டி இருக்கு, எப்டி இருக்குன்னு கேப்பீங்க. ஒங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து நல்லாருக்கு, பரவால்லன்னு சொல்லிட்டு வந்தேன். எத்தன நாளைக்குத்தான் ஒங்ககிட்டயே பொய் சொல்ல? மனசு கேக்கலைங்க. அதான் அடுப்படிக்குப் போயிட்டேன்."

அண்ணன் மதினியின் முழங்கால் மேல் கையை வைத்தபடி இருந்தார். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, கழன்ற வயரைத் திருகுகிற சாக்கில் வேட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். ட்வீட்டருக்குள் இருக்கும் பூச்சியைக் கண்டுபிடித்த ஆள், பக்கத்திலேயே மூன்று வருடமாக நடந்ததைக் கவனிக்கவில்லை. நாங்களும் கவனிக்கவில்லை. குறை என்றால் அது பெட்டியில்தான் இருக்கும் என்று அத்தனை பேரும் நம்பியிருந்தோம். திரும்பும் வழியில் மொக்கையன் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னான். "அந்த மெஷின் எரைச்சல்ல நிக்கிற பொம்பளைக அத்தன பேரும் ஜீப்புல கத்திக் கத்தித்தாம்ணே பேசும். என்னா வாயிடான்னு நெனச்சுக்கிட்டேன், பாவி."

மூன்றாம் நம்பர் தேனிக்குத் திரும்பிப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அண்ணன் காது மெஷினைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிற அளவுக்குப் படித்துவிட்டார். எத்தனை சேனல், இரைச்சலை எப்படிக் குறைக்கும், பேட்டரி எத்தனை நாள் வரும் என்று கடையில் நின்று ஒரு மணி நேரம் பேசினார். ஒரே ஒரு சங்கடம்தான். எதையும் அவர் காதில் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது.

தேனியில் காது பரிசோதிக்கும் இடத்துக்கு என் காரில்தான் போனோம். சோதித்த பெண் இரண்டு மெஷின்களை எடுத்துவைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார். அண்ணன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் மெஷினைப் போட்டதும் அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். கேட்க வந்ததைக் கேட்காமல் மூடிக்கொண்டார். மதினி அவர் முகத்தைப் பார்க்காமலே, தானாகச் சொன்னார்.

"நல்லால்ல. தகர டப்பாக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. இது வேணாம்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். லாட்டரி விழுந்தவர் மாதிரி இருந்தது முகம். இரண்டாவதைப் போட்டார்கள். மதினி மேலே ஃபேனைப் பார்த்தார். வெளியே யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார்கள், கதவுப் பக்கம் திரும்பினார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"முனியாயி, தண்ணி கிண்ணி குடிக்கிறியா?"

மதினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. "ஒங்க கொரலா இது?" என்றார். "இப்டித் தளந்து போயிருக்கு? எப்ப இருந்து? இம்புட்டு நாளும் நீங்க வாயசைச்சா எனக்குள்ள கேட்டது ஒங்க பழைய கொரலுதான்."

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தன் குரல் மாறியது அவருக்கும் அதுவரை தெரியாது. சோதித்த பெண் எங்களைப் பார்க்காமல் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சிலமலையில் கொண்டுபோய் விட்டேன். காபி குடித்துவிட்டுப் போ என்றார்கள், உட்கார்ந்தேன். மதினி அடுப்படிக்குப் போகாமல் நேராக வந்து சோபாவில் உட்கார்ந்தார். அண்ணன் அவசரமாக டிவி ரிமோட்டை எடுத்தார். மதினி அதை வாங்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, "நீங்க பேசுங்க" என்றார்.

"என்னத்தப் பேச?"

"எதையாச்சும்."

ஸ்பீக்கர் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுகிற மனிதர், நாக்கு ஒட்டிக்கொண்டது போல விழித்தார். பையைத் துழாவினார். காது மெஷினோடு கொடுத்த சின்னப் புத்தகம் கையில் அகப்பட்டது. நல்லவேளை, தமிழிலும் அச்சடித்திருந்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையனைப் போல முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். கருவியைத் தினமும் மெல்லிய துணியால் துடைக்கவும். தூங்கும்போது கழற்றி வைக்கவும். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளவும். மதினி சோபாவில் காலைத் தூக்கி மடக்கிக்கொண்டு, அவர் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்.

காபி வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தமில்லாமல் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். பேட்டரி மாற்றும் முறை வரைக்கும் வந்திருந்தார் அண்ணன். உள்ளேயிருந்து மதினியின் குரல் கேட்டது.

"அந்த ஈரம் படாமங்கிறதை இன்னொருக்க வாசிங்க. வெரசா ஓடாதீங்க, நிறுத்தி வாசிங்க."