கருவாட்டுக்கு ஒரு விளக்கக் கடிதம்

விழுப்புரம் பஸ்ஸில் திண்டிவனத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அந்தப் பெண், அமெரிக்காவில் படிப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். மல்லாட்டையைப் பல்லால் உடைத்துக் கடலையைத் தின்றபடியே கைப்பேசியை நீட்டினாள்.

"இங்கிலீஷ் சரியா இருக்குதா பாருங்க சார்."

கருவாட்டுக் குழம்பு நாறுகிறது, நிறுத்தாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று அங்கே அவள் தங்கியிருக்கும் விடுதியில் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு இவள் எழுதிய பதில் அது. மெமோக்களுக்கு விளக்கம் எழுதியே ஓய்வு பெற்றவன் நான்.

"'வருந்துகிறேன்'னு ஆரம்பிக்கணும்மா. அதுதான் முறை."

"எதுக்கு சார் வருந்தணும்? கொழம்பு நல்லாத்தான இருந்துச்சி. மரக்காணத்துல இன்னும் ரெண்டு கிலோ வாங்கிக்கினு போறேன்."

"ரூம் போயிடுமேம்மா."

"போனா வேற ரூம் பாத்துக்கறேன்."

விக்கிரவாண்டி வருவதற்குள் அனுப்பியும் விட்டாள். மிச்ச வழியெல்லாம், உண்மையிலேயே வருந்தி நான் எழுதிய விளக்கம் ஒன்றையாவது நினைவில் தேடினேன். விழுப்புரம் வந்துவிட்டது.